எந்தப் படம் என்று கேட்டோம்

டெல்லிக்குப் படிக்க வந்த தமிழ் மாணவர்கள் நாங்கள். சிலர் வேலைக்குப் போய்விட்டோம், சிலர் இன்னும் ஆய்வேட்டோடு மல்லுக்கட்டுகிறோம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாட்டுக்காகக் கூடுவோம். பொருளை முன்கூட்டியே சொல்லிவிடுவது வழக்கம். ஆளுக்கொரு பாட்டு. போனில் ஒலிக்கவிட்டு, அது ஏன் பிடிக்கும் என்று கொண்டுவந்தவர் சொல்ல வேண்டும். பிறகு மற்றவர்கள் விவாதிப்போம். ரயில், அம்மா, நிலா, ஊர் எல்லாம் வந்துபோயின. ஜூன் மாத வெயிலில் மட்டும் எப்போதும் மழைதான்.

நன்றாகவே பேசினோம். 'மௌன ராகம்' (1986) பெரும்பாலும் டெல்லியில் நடக்கிற கதை. ஆனால் பெண் பார்க்க வருகிறார்கள் என்று தெரிந்தே வீட்டுக்குப் போகாமல் ரேவதி ஆடுகிற மழை, டெல்லிக்கு வருவதற்கு முந்தைய மழை. டெல்லிக்கு வந்தபின் அவளுக்கு ஏன் மழையே இல்லை என்று ஒரு தோழி கேட்டாள். அந்தக் கேள்வி ஒரு மாலை முழுவதையும் எடுத்துக்கொண்டது. 'ராஜபார்வை'யின் (1981) நாயகன் பார்வையற்ற வயலின் கலைஞன். அவனுக்கான மழைப் பாட்டில் கண்ணுக்கு எவ்வளவு வேலை, காதுக்கு எவ்வளவு வேலை என்று எண்ணிப் பார்த்தோம். எட்டயபுரத்தில் முத்துசுவாமி தீட்சிதர் அமிர்தவர்ஷிணி பாடி மழை வரவழைத்ததாகச் சொல்லும் கதையும் வந்தது. அந்தப் பேச்சுகளுக்காக நாங்கள் வெட்கப்படவில்லை. வெட்கப்பட வேண்டியது வேறு.

கூட்டத்துக்கு இட்லி ஜங்புரா மதராசி கேம்பிலிருந்து வந்துகொண்டிருந்தது. பாராபுல்லா வடிகாலின் கரையில், முகலாயர் காலப் பாலத்தை ஒட்டி, அரை நூற்றாண்டுக்கும் மேலாக இருந்த தமிழர் குடியிருப்பு அது. விழுப்புரம் பக்கத்திலிருந்தும் வேறு மாவட்டங்களிலிருந்தும் பிழைப்புக்கு வந்த குடும்பங்கள். பெண்களில் பலர் சுற்றியிருந்த காலனிகளில் வீட்டு வேலை செய்தார்கள். அவர்கள் வாசலில் நின்று, "அக்கா, இன்னும் ரெண்டு சட்னி குடுங்க" என்று கேட்டிருக்கிறோம். "அக்கா, உங்க ஊர்ல மழைக்கு என்ன பாட்டு?" என்று ஒருவரும் கேட்டதில்லை.

அங்கிருந்து கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு தங்கை ஒரு முறை மழைக் கூட்டத்துக்கு வந்தாள். அவள் முறை வந்தபோது போனை எடுக்கவில்லை. மழை பொய்த்த வருஷத்தில் ஊர்ப் பெண்கள் கூடிப் பாடுவது, ஆயா சொல்லிக்கொடுத்தது என்று சொல்லி நாலு வரி பாடினாள். "எந்தப் படம்?" என்று கேட்டோம். "படம் இல்லண்ணா" என்றாள். இணையத்தில் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தோம், இல்லை. சரி, அடுத்து யார் என்று போய்விட்டோம். அன்றைக்கு 'பையா' (2010) படத்து மழைப் பாட்டைப் பற்றிச் சண்டை போட்டதெல்லாம் எங்களில் பலருக்கு நினைவிருக்கிறது. அவள் பாடிய நாலு வரி ஒருவருக்கும் நினைவில்லை. அடுத்த மாதம் அவள் வரவில்லை. ஏன் என்று நாங்கள் விசாரிக்கவும் இல்லை.

தெரியாமல் செய்துவிட்டோம் என்று சொல்ல வழியில்லை. எங்களில் தமிழ் முதுகலை படித்தவர்கள் இருந்தோம். வீடு வீடாகக் கஞ்சி வாங்கி ஊர்ப் பொதுவில் ஊற்றிக் குடித்துப் பெண்கள் அழுது பாடும் மழைக்கஞ்சி, கொடும்பாவி கட்டி இழுத்து ஒப்பாரி வைப்பது, எல்லாவற்றையும் தேர்வுத்தாளில் பக்கம் பக்கமாக எழுதியவர்கள். நா. வானமாமலையின் 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' (1964) நூலில் பாட்டுக்குக் கீழே சேகரித்தவர் பெயரும் இடமும் அச்சாகியிருக்கும். யாரோ ஒருவர் ஓர் ஊருக்குப் போய் உட்கார்ந்து கேட்டு எழுதியதால்தான் அந்தப் பாட்டு எங்கள் கைக்கு வந்தது. அதைப் படித்துவிட்டு, பாடுகிறவளே எதிரில் உட்கார்ந்திருந்தபோது கேட்காமல் விட்டோம். ஒலிப்பதிவாகி வெளிவந்ததுதான் பாட்டு என்று நாங்கள் எப்போதோ முடிவு செய்துவிட்டோம், சொல்லிக்கொள்ளாமலே.

கேம்பிலிருந்து நடந்துபோகும் தூரத்தில்தான் நிஜாமுதீன் தர்கா, அமீர் குஸ்ரோவின் கல்லறை. மழைக்காலம் வந்துவிட்டது, அப்பாவை அனுப்பி என்னை அழைத்துக்கொள் என்று கட்டிக்கொடுத்த மகள் தாயிடம் கேட்கும் பாட்டு ஒன்று அவர் பெயரில் வழங்குகிறது. இந்தி பேசும் விடுதி நண்பர்களுக்கு அது மனப்பாடம். அவர்களையும் நாங்கள் அழைத்ததில்லை.

2025 ஜூன் 1 அன்று மதராசி கேம்ப் இடிக்கப்பட்டது. வடிகாலின் கரையை ஆக்கிரமித்திருக்கிறது, மழைநீர் தேங்காமலிருக்கத் தூர்வார வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது. சுமார் 370 வீடுகள். நரேலாவில் மாற்று வீடு பெறத் தகுதி என்று சொல்லப்பட்டவை 189 குடும்பங்கள். நரேலா டெல்லியின் வடகோடி. ஜங்புராவில் வீட்டு வேலைக்குப் போனவர்கள் அங்கிருந்து தினமும் வந்துபோக முடியாது. தமிழ்ப் பள்ளிகளும் பிள்ளைகளுக்கு எட்டாத தூரமாகிவிட்டன. நாங்கள் செய்தியைக் குழுவில் பகிர்ந்தோம், வருத்தம் எழுதினோம். அந்த ஜூன் மாதமும் எங்கள் பொருள் மழைதான். மாற்ற வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

இப்போது சிலர் நரேலாவுக்குப் போய்வருகிறோம். "இப்ப எதுக்குப்பா பாட்டு? தண்ணிக்கும் வேலைக்கும் வழி சொல்லுங்க" என்றார் ஓர் அம்மா. அவர் கேட்டதுதான் சரி. மனு எழுதவும் அலுவலகங்களுக்குக் கூடப் போகவும் எங்களில் மூன்று பேர் பொறுப்பெடுத்திருக்கிறார்கள். பாட்டு அதற்குப் பிறகுதான். பாடச் சம்மதித்தவர்களிடம்தான் ஒன்று புரிந்தது. நடவுப் பாட்டும் மழைப் பாட்டும் ஒருவர் அடியெடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாடுவது. அடியெடுப்பவர் நரேலாவில் இருக்கிறார். கூடப் பாடியவர்களில் இரண்டு பேர் ஜங்புரா பக்கமே வாடகை அறையில் தங்கிவிட்டார்கள், ஒருவர் ஊருக்கே திரும்பிவிட்டார். அடியெடுப்பவரைத் தனியாகப் பாடச் சொன்னால் இரண்டாவது அடியில் நின்றுவிடுகிறார். எதிர்க்குரல் வராமல் அடுத்தது நாக்கில் வருவதில்லை என்கிறார். டெல்லியில் இருப்பவர்களையாவது ஒரு நாள் ஓரிடத்தில் உட்கார வைக்க வேண்டும். வண்டிக்கும், அன்றைக்கு அவர்கள் இழக்கும் கூலிக்கும் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறோம்.