12 மணி நேர விதி எங்கே போயிற்று?

மாலை ஆறு மணிக்கெல்லாம் டெல்லி லோதி ரோட்டில் உள்ள மத்திய அரசு அலுவலக (சி.ஜி.ஓ.) வளாகத்தில் கோப்புகளை மூடிவிட்டு ஊழியர்கள் பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அதே சாலையில் மேற்கே போய், சஃப்தர்ஜங் கல்லறை அருகே அரவிந்தோ மார்க்கில் திரும்பினால் எய்ம்ஸும் சஃப்தர்ஜங் மருத்துவமனையும் எதிரெதிரே நிற்கின்றன. அங்கும் படியளப்பது மத்திய அரசுதான். ஆனால் இவை போன்ற, நாட்டின் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் முதுநிலை மாணவர்கள் 24 மணி நேரம், சமயத்தில் 36 மணி நேரம் ஒரே மூச்சாக டியூட்டி பார்ப்பது வாடிக்கையாகிவிட்டது.

விதி இல்லாமல் இல்லை. 1992 ஜூன் 5 அன்று மத்திய சுகாதார அமைச்சகம் இவர்களுக்காகப் பிறப்பித்த ரெசிடென்சி (உறைவிட மருத்துவர்) திட்ட உத்தரவு, தொடர் பணி 12 மணி நேரத்தைத் தாண்டலாகாது, வாரத்துக்கு 48 மணி நேரம் என்கிறது. தன் உத்தரவைத் தானே மதிக்காத அமைச்சகத்தை என்ன சொல்வது? லாரி டிரைவருக்குக்கூட 1961-ஆம் ஆண்டிலேயே சட்டம் நாளைக்கு 8 மணி நேரம் என்று வரம்பு வைத்தது. (அது எந்த லட்சணத்தில் நடந்தது என்பது வேறு கதை.)

தேசிய மருத்துவ ஆணையம் 2023-இல் முதுநிலைக் கல்விக்குப் புது விதிமுறை வகுத்தபோது இந்த வரம்பை இறுக்கியிருக்க வேண்டும். மாறாக, எண்ணே இல்லாமல் ‘நியாயமான பணிநேரம்’ என்று எழுதி நழுவிக்கொண்டது. எது நியாயம் என்பதை இனித் துறைத்தலைவர் முடிவு செய்வார். தீசிஸில் கையெழுத்துப் போட வேண்டியவர்களிடம் எந்த மாணவர் மணிக்கணக்கு பேசுவார்? 2024-இல் ஆணையத்தின் பணிக்குழு, வாரம் 74 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று பரிந்துரைத்தது. 1992-இல் 48 என்று எழுதிவிட்டு 74-ஐச் சலுகை போலக் காட்டுவது வெட்கக்கேடு.

இருபது மணி நேரம் கண் விழித்தவர் குழந்தையின் கையில் ரத்த நாளம் தேடுகிறார். மூன்றாம் முறையும் ஊசி தவறுகிறது. கேஸ் ஷீட்டில் மருந்தளவைப் பாதி எழுதும்போதே தலை சாய்கிறது. நடுவே சாம்பிளை லேபுக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும், ரிப்போர்ட்டை வாங்கி வந்து ஒட்ட வேண்டும். இதற்கா எம்.டி.? காலி இடங்களுக்கு ஆள் போடாமல், படிக்க வந்தவர்களை வைத்து ஒப்பேற்றுகிறது நிர்வாகம்.

‘நாங்களும் இப்படித்தான் படித்தோம்’ என்பார்கள் மூத்த பேராசிரியர்கள். பட்ட துன்பம் பாடத்திட்டம் ஆகாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் பயிற்சியில் இருக்கும் மருத்துவருக்கும் வாரச் சராசரி வரம்பு 48 மணி நேரம்தான். அங்கே நல்ல மருத்துவர்கள் உருவாகாமல் போய்விடவில்லை.

1992-இன் எண்களை ஆணையம் தன் விதிமுறையில் உடனே சேர்க்க வேண்டும். யார் எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை மணிக்குக் கிளம்பினார் என்ற ரோஸ்டர் ஒவ்வொரு வார்டு வாசலிலும், நோயாளியின் உறவினரும் படிக்கும்படி, ஒட்டப்பட வேண்டும். புகார்கள் துறைக்கு வெளியே உள்ள அதிகாரியிடம் போக வேண்டும். மீறும் துறைக்கு அடுத்த ஆண்டு முதுநிலை இடங்களைக் குறையுங்கள். அப்போதாவது துறைத்தலைவர்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள்.