மனிதத் தவறு

2021-ஆம் வருஷம் டிசம்பர் 8-ந் தேதியைக் கொங்கு நாட்டார் மறந்திருக்க மாட்டார்கள். அன்று முற்பகல் 11.48 மணிக்குச் சூலூரிலிருந்து வெலிங்டனுக்குக் கிளம்பிய விமானப் படை ஹெலிகாப்டர், போய்ச் சேரச் சில நிமிஷங்களே இருக்கையில், குன்னூருக்கு அருகே விழுந்து எரிந்தது. முப்படைகளின் தலைமைத் தளபதி ஜெனரல் பிபின் ராவத்தும் அவருடைய மனைவியும் உள்பட, அதில் சென்ற 14 பேரில் 13 பேர் அன்றே மாண்டனர். எஞ்சிய ஒருவரும் ஒரு வாரம் போராடி உயிர் நீத்தார்.

யந்திரக் கோளாறு, சதி, அசட்டை ஆகிய மூன்றும் காரணமல்லவென்று 2022 ஜனவரியில் விமானப் படை தெரிவித்தது. பள்ளத்தாக்கில் எதிர்பாராமல் வானிலை மாறியது; ஹெலிகாப்டர் மேகத்துக்குள் புகுந்தது; அதனால் விமானிக்குத் திசை மயக்கம் உண்டாயிற்று. விசாரணையின் முடிவு இதுவே. 2024 டிசம்பரில் வெளியான பார்லிமெண்டுக் கமிட்டி அறிக்கையிலோ, இதே விபத்துக்குக் காரணம் ‘மனிதத் தவறு’ என்று குறிக்கப்பட்டிருந்தது.

இச்சொல்லைக் கண்டதும், “பாவம், விமானி தப்புச் செய்துவிட்டார் போலிருக்கிறது” என்று பெருமூச்சு விட்டு நாம் பத்திரிகையை மடித்து வைத்து விடுகிறோம். கைதேர்ந்தவர் ஏன் தவறினார் என்று கேட்பதில்லை. அந்தக் கேள்வியைக் கேட்டு, அதற்குக் கிடைத்த விடைகளைக் கொண்டு பயிற்சி தருவது இன்று தனியொரு சாஸ்திரமாகவே வளர்ந்திருக்கிறது.

திசை மயக்கம் என்பது என்ன? தட்டாமாலை சுற்றி நின்ற குழந்தையைக் கேளுங்கள். தான் நின்ற பிறகும் பூமி சுற்றுகிறது என்று சொல்லும். செவியின் உட்புறத்திலுள்ள நுண்ணிய குழாய்களில் இருக்கும் திரவம் செய்யும் வேலை அது. மேகத்தினுள் தொடுவானம் மறைந்ததும், எத்தனை அநுபவசாலியானாலும் அந்தச் செவி பொய் சொல்லத்தான் செய்யும். சாய்ந்து பறக்கும்போது நேராகப் பறப்பதாகத் தோன்றும். பெங்களூரில் 1957-ல் ஏற்பட்ட விமானப் படையின் மருத்துவ நிலையத்தில், இதற்கென்று அமைந்த யந்திரத்தில் விமானிகளை உட்கார வைத்து, இந்த மயக்கத்தைத் தரையிலேயே அநுபவிக்கச் செய்கிறார்கள். தன் உடம்பை நம்பாமல் எதிரிலுள்ள கருவியின் முள்ளை நம்புவதற்குப் பழகவேண்டும். மேகம் சூழுமுன் திரும்பி விடுவது கோழைத்தனமல்ல என்பதும் பாடத்தில் சேர்ந்ததே.

உடம்பு ஏமாற்றுவதைப் போலவே மரியாதையும் ஏமாற்றுவதுண்டு. 2010 மே 22-ந் தேதி மங்களூரில் இறங்கிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம், ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து 158 பேர் மாண்டனர். பிரயாணத்தில் நெடுநேரம் உறங்கி எழுந்த தலைமை விமானி, அளவுக்கு மிஞ்சிய உயரத்திலிருந்து விமானத்தை இறக்கினார். இறங்காமல் மீண்டும் மேலே எழும்பும்படி உதவி விமானி மும்முறை சொன்னார். சொன்னது பலிக்கவில்லை.

1977-ல் டெனெரீஃப் தீவில் இரண்டு பெரிய விமானங்கள் மோதி 583 பேர் இறந்ததிலும், உதவியாளர் ஒருவர் எழுப்பிய சந்தேகம் தலைவரின் ஒரு சொல்லில் அடங்கிப் போயிற்று. அதன்பின் 1979-ல் அமெரிக்காவில் நிபுணர்கள் கூடி ஆராய்ந்தார்கள். அதிலிருந்து வளர்ந்த பயிற்சி இன்று நம் நாட்டு விமானிகளுக்கும் கட்டாயம். சிறியவர் சந்தேகத்தைத் தெளிவாகச் சொல்லவேண்டும். கேளாவிட்டால் மீண்டும் வற்புறுத்த வேண்டும். அபாயம் நெருங்கினால் விமானத்தையே தம் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். பெரியவரோ, “உமக்கு என்ன தோன்றுகிறது?” என்று தாமே கேட்கவேண்டும்.

இப்பயிற்சி சில நாள் வகுப்பில் முடிந்துவிடுமா என்பதே நமது கவலை. “பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே” என்று வளர்த்த பிள்ளையைத்தான் நாம் விமானத்துக்கும் ஆலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் அனுப்புகிறோம். கரும்பலகையில் ஆசிரியர் போட்ட கணக்கில் பிழை கண்ட மாணவன், எழுந்து நின்று அதைப் பணிவோடு சொன்னால், “உட்காரடா” என்று அதட்டுகிற வகுப்புகள் இன்னும் எத்தனையோ! அவனுக்கு நன்றி சொல்லிக் கணக்கைத் திருத்துகிற ஆசிரியர், தாம் அறியாமலே பின்னாளில் பல உயிர்களைக் காப்பாற்றக் கூடும். பீளமேட்டில் விமானம் ஏறுகிறவர்களின் க்ஷேமத்துக்கு நம் வீட்டுக் கூடத்திலும் பள்ளிக்கூடத்திலும் செய்யவேண்டிய வேலை இருக்கிறது.