டப்பா ஜூஸ் வேறு, ஓ.ஆர்.எஸ். வேறு!

குழந்தைக்கு வயிற்றால் போகிறது என்றால் போதும், நம் வீடுகளில் வைத்தியம் சொல்ல நாலு பேர் வந்து விடுவார்கள். "உரம் விழுந்திருக்கும்" என்பார் ஒருத்தர். "தொக்கம் எடுத்துப் பாத்தியா?" என்பார் இன்னொருத்தர். "பல் முளைக்கிற நேரம், அப்படித்தான் போகும்" என்பார் மூன்றாமவர். நாலாவது ஆள்தான் ஆபத்தானவர். "தண்ணி குடுக்காதே, குடுத்தா இன்னும் போகும்" என்று சொல்லி விட்டுப் போய் விடுவார். பிள்ளை நாக்கு வறண்டு கிடக்கும்.

பெரியவர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. என் மாமியார் வளர்த்த ஐந்து பேரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள். ஆனால் இந்தத் தண்ணீர் விஷயத்தில் மட்டும் விட்டுக் கொடுக்கக் கூடாது சகோதரிகளே. வயிற்றுப்போக்கில் பெரும்பாலும் உயிரைப் பறிப்பது, உடம்பிலிருந்து தண்ணீரும் உப்பும் வெளியே போய் விடுவதுதான். போனதைத் திருப்பிக் கொடுத்துக் கொண்டே இருக்க வேண்டும்.

1971-ல் வங்கதேசப் போரின்போது அகதி முகாம்களில் காலரா பரவியது. ஏற்றுவதற்கு குளுக்கோஸ் பாட்டில் தீர்ந்து போனது. டாக்டர் திலீப் மகலனபிஸ் என்பவர் உப்பு, சோடா உப்பு, குளுக்கோஸ் மூன்றையும் தண்ணீரில் கரைத்து டிரம்களில் நிரப்பி வைத்து, நோயாளிகளின் சொந்தக்காரர்களையே மொண்டு புகட்டச் சொன்னார். நூற்றுக்கு முப்பது பேர் வரை இறந்து கொண்டிருந்த இடத்தில் அது நாலுக்கும் கீழே இறங்கியது. படிக்காத ஜனங்கள் கையால் புகட்டிய மருந்து அது! அவர் 2022-ல் இறந்தார். மறு வருஷம் பத்ம விபூஷண் அறிவித்தார்கள்.

இப்போது என் வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன். 2024 கோடையில் என் நாத்தனாரின் பத்து மாதக் குழந்தைக்கு பேதி. மருந்துக் கடையில் ஓ.ஆர்.எஸ். கேட்டதற்கு, பழப் படம் போட்ட ஒரு அட்டை டப்பாவை எடுத்து நீட்டினார்கள். "இதையே குடுங்கம்மா, பிள்ளைங்க விரும்பிக் குடிக்கும்" என்று சிபாரிசு வேறு. விரும்பாமல் என்ன செய்யும்? அவ்வளவும் சர்க்கரை. திருப்பிப் பார்த்தால், இது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் ஓ.ஆர்.எஸ். அல்ல என்று எறும்பு எழுத்தில், அதுவும் இங்கிலீஷில். அந்த ஒரு வரி இருந்தால் அந்தப் பெயரிலேயே விற்கலாம் என்று 2022-ல் அனுமதித்திருந்தார்களாம். எந்தத் தாய், அழுகிற பிள்ளையை இடுப்பில் வைத்துக் கொண்டு அதைப் படிப்பாள்?

சர்க்கரை ஓர் அளவோடு இருந்தால்தான் குடல் உப்பையும் தண்ணீரையும் இழுத்துக் கொள்ளும். அளவு மீறினால் உடம்பில் இருக்கிற தண்ணீரும் குடலுக்குள் வந்து, பேதி அதிகமாகும். சரியான பாக்கெட்டில் ஒரு லிட்டருக்கு குளுக்கோஸ் 13.5 கிராம்தான். அந்த டப்பாக்களில் பல மடங்கு. ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் வருஷக் கணக்கில் போராடிய பிறகு, 2025 அக்டோபரில்தான் அந்தப் பெயரைப் போடக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. நல்லது. ஆனால் பெயர் போனாலும் டப்பா இருக்கிறது, "பேதிக்கு நல்லது" என்கிற பேச்சும் இருக்கிறது. பாக்கெட்டில் உலக சுகாதார நிறுவன பார்முலா என்று இருக்கிறதா எனப் பார்த்து வாங்குங்கள்.

கலக்குவதிலும் கவனம் வேண்டும். பெரிய பாக்கெட் ஒரு லிட்டருக்கு, சின்ன பாக்கெட் 200 மில்லிக்கு. டம்ளரில் பாதியைக் கொட்டி, மீதியை மடித்து அஞ்சறைப் பெட்டிக்குள் சொருகுகிற வேலையே கூடாது. அளவுப் பாத்திரம் இல்லையென்றால் லிட்டர் தண்ணீர் பாட்டில் இல்லாத வீடு ஏது? காய்ச்சி ஆறிய தண்ணீர்தான் நல்லது. கலந்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். இரண்டு வயதுக்குள் என்றால் ஒவ்வொரு தடவை போன பிறகும் 50-லிருந்து 100 மில்லி, ஸ்பூன் ஸ்பூனாக. வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து, இன்னும் மெதுவாக. பாக்கெட் கிடைக்கும் வரை உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி தரலாம். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. சாப்பிடுகிற குழந்தைக்குக் குழைந்த சாதம், இட்லி எல்லாம் கொடுக்கலாம், பட்டினி போடாதீர்கள்.

கூடவே துத்தநாக மாத்திரை. பேதி நின்றதும் பலர் இதைத் தூக்கிப் போட்டு விடுகிறார்கள். நர்சம்மா சொன்ன அளவில் 14 நாளும் கொடுத்து முடிக்க வேண்டும்.

கண் குழி விழுந்தாலோ, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகப் போனாலோ, குடிக்க முடியாமல் துவண்டாலோ, மூத்திரம் போகாவிட்டாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

கிராம சுகாதார நர்சுகளுக்கும் அங்கன்வாடி டீச்சர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை இலவசமாகத் தருகிறீர்கள், சந்தோஷம். ஆனால் கலக்கும் முறையைத் தாய்க்கு மட்டும் சொல்லி அனுப்புகிறீர்கள். அவள் காலையில் மில்லுக்கோ கடைக்கோ வேலைக்குப் போய் விடுகிறாள். பகல் முழுக்கப் பிள்ளையை வைத்திருப்பது பாட்டிதான். அவரையும், முடிந்தால் வீட்டு ஆம்பிளையையும் உட்கார வைத்து, கையாலேயே ஒரு தடவை கலக்கச் சொல்லுங்களேன்.

– ஒரு வாசகி, தேனி மாவட்டம்