எந்தப் பள்ளி நல்ல பள்ளி? ரெட்டியார்பாளையம் பெற்றோர்களே, இந்தக் கேள்வியை அரசிடம் கேளுங்க!

"ஆறாவதுக்கு எந்த கவர்மென்ட் ஸ்கூல் நல்லா இருக்கும்?"

சேர்க்கை நேரம் வந்தாலே ரெட்டியார்பாளையம், மூலகுளம், கம்பன் நகர், புதுநகர்னு எல்லா ஏரியா வாட்ஸ்அப் குரூப்லயும் ஓடுற கேள்வி இது. பதிலும் ரெடியா இருக்கும். "அங்க வேணாம், இங்க போடுங்க. ரிசல்ட் நல்லா இருக்கு."

நண்பர்களே, ஒரு நிமிஷம் யோசிங்க. ரிசல்ட்டுன்னு நாம சொல்றது எதை? பத்தாவது, பன்னிரண்டாவது தேர்ச்சி சதவீதத்தை. உங்க பிள்ளை சேரப்போறது ஆறாவது. அந்த மூணு வருஷத்துல அந்தப் பள்ளி என்ன கொடுக்குதுன்னு அந்த சதவீதம் சொல்லுமா? சொல்லாது. இன்ஜினியரிங் படிச்ச யாரைக் கேட்டாலும் சொல்வாங்க: உள்ளே என்ன போட்டோம்னு பார்க்காம வெளியே வந்ததை மட்டும் ஒப்பிட்டா அதுக்குப் பேரு டெஸ்டிங் இல்லை, ஏமாத்து வேலை.

ஆட்சியாளர்கள் சொல்ற பதில் என்ன? "எல்லா அரசுப் பள்ளியிலும் சிபிஎஸ்இ கொண்டு வந்துட்டோம், இனி எல்லாப் பள்ளியும் ஒண்ணுதான்."

சரி, அந்தக் கதையையே எடுத்துப் பார்ப்போம்.

புதுச்சேரிக்குன்னு சொந்தமா கல்வி வாரியம் கிடையாது. புதுவையும் காரைக்காலும் தமிழ்நாட்டுப் பாடத்திட்டம், மாஹே கேரளா, ஏனாம் ஆந்திரா. இப்படித்தான் பல காலம் ஓடுச்சு. ஆரம்ப வகுப்புகளுக்கு மட்டும் முன்னாடியே சிபிஎஸ்இ வந்தது. 2023-24 கல்வியாண்டில் மேல் வகுப்புகளுக்கும் கொண்டு வந்தாங்க. 2025-ல் நம்ம அரசுப் பள்ளிப் பிள்ளைகள் முதல் முறையா சிபிஎஸ்இ பொதுத்தேர்வு எழுதினாங்க.

அந்த முதல் பேட்ச் பத்தாவது பிள்ளையோட கணக்கைப் போடுங்க. அஞ்சாவது வரைக்கும் சிபிஎஸ்இ. ஆறாவதுல தமிழ்நாட்டுப் பாடப்புத்தகம். அந்த ஆறாவதும் ஏழாவதும் எந்த வருஷம்? 2020-21, 2021-22. கொரோனா காலம்! பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது, பாடம் செல்போனுக்குள்ள போச்சு. வீட்டுல ஒரே ஒரு போன், அதையும் அப்பா வேலைக்கு எடுத்துட்டுப் போயிட்டா பிள்ளைக்கு ஏது பாடம்? எட்டாவதுல கொஞ்சம் மூச்சு விட்டுச்சு. ஒன்பதாவதுல மறுபடியும் சிபிஎஸ்இ. ரெண்டே வருஷத்துல பொதுத்தேர்வு.

நடுநிலை வகுப்புல கை நழுவிப்போன அந்தப் பிள்ளையைப் பத்தாவதுல நிக்க வெச்சு "இந்தப் பள்ளி நல்ல பள்ளி, அந்தப் பள்ளி மோசம்"னு தரம் பிரிக்கிறது எந்த ஊர் நியாயம்?

போர்டை மாத்துறது சுலபம். வகுப்பறையை மாத்தணும். அதுக்கு என்ன அளவுகோல்? நாம புதுசா கண்டுபிடிக்க வேண்டாம். 2009 கல்வி உரிமைச் சட்டத்திலேயே எழுதி வெச்சிருக்கு. உங்க ஏரியாவுல இருக்கிற ரெண்டு பள்ளியை ஒப்பிடணும்னா இதை வெச்சு ஒப்பிடுங்க:

1. 6 முதல் 8 வரை 35 பிள்ளைக்கு ஒரு ஆசிரியர் இருக்காரா? அறிவியல்-கணக்கு, சமூக அறிவியல், மொழி மூணுக்கும் தனித்தனியா ஆள் இருக்கா?

2. 100 பிள்ளைக்கு மேல படிச்சா முழுநேரத் தலைமை ஆசிரியர் இருக்கணும். ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர்கள் இருக்கணும். இருக்காங்களா?

3. காலிப் பணியிடம் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. உங்க பள்ளியில எத்தனை?

4. வருஷத்துக்கு 220 வேலை நாள், 1,000 மணி நேரம் பாடம். நடந்துச்சா?

5. நூலகம், விளையாட்டு மைதானம், குடிநீர், ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கழிப்பறை. கதவோட, தண்ணியோட இருக்கா?

கழிப்பறையைச் சின்ன விஷயம்னு யாராவது சொன்னா, 2024 ஜூன் மாசம் நம்ம புதுநகரை ஞாபகப்படுத்துங்க. வீட்டுக் கழிப்பறை வழியா வந்த விஷவாயு மூணு உயிரைக் குடிச்ச ஊர் இது. அதுல ஒண்ணு பள்ளிக்கூடம் போற பொண்ணு.

"நல்ல பள்ளியா பார்த்துச் சேர்த்துக்குங்க, உங்களை யார் தடுத்தா?"ன்னு சிலர் கேப்பாங்க. வண்டி இருக்கிற வீடு மாத்திக்கும். விழுப்புரம் ரோட்டு டிராபிக்கைத் தாண்டி தினமும் பிள்ளையைக் கொண்டுபோய் விட முடியாத கூலி வேலைக்காரம்மா என்ன செய்வாங்க? பக்கத்துல இருக்கிற பள்ளிதான் அவங்களுக்கு ஒரே பள்ளி. முடிஞ்சவங்க எல்லாம் கிளம்பிப் போனா அங்க எண்ணிக்கை குறையும். எண்ணிக்கையைக் காட்டி ஆசிரியரைக் குறைப்பாங்க. ஆசிரியர் குறைஞ்சா மிச்சம் இருக்கிறவங்களும் போவாங்க. கடைசியில "பிள்ளைகளே இல்லை, இணைச்சிடலாம்"னு ஃபைல் நகரும். பள்ளி தானா சாகாது. இப்படித்தான் சாகடிக்கப்படுது.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 10 சதவீத ஒதுக்கீடு 2023-ல் வந்தது. நல்லது, வரவேற்கிறோம். ஆனா ஆறாவதுல அறிவியல் வாத்தியாரே இல்லாத பிள்ளை அந்தச் சீட் வரைக்கும் எப்படிப் போய்ச் சேரும்? மாடிக்குக் கதவைத் திறந்து வெச்சுட்டு படிக்கட்டை எடுத்துட்டா எப்படிங்க ஏறுறது?

இப்போ நீங்க செய்ய வேண்டியது மூணு.

ஒண்ணு, யூடைஸ் பிளஸ் தளத்துல உங்க பள்ளியைத் தேடுங்க. ஒவ்வொரு பள்ளிக்கும் 11 இலக்க எண் இருக்கு. ஆசிரியர், வகுப்பறை, கழிப்பறை எண்ணிக்கை எல்லாம் அதுல இருக்கும். அது பள்ளியே கொடுக்கிற கணக்கு. நேர்ல போய்ச் சரிபாருங்க.

ரெண்டு, பள்ளி மேலாண்மைக் குழுவுல உட்காருங்க. நாலுல மூணு பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள்னு சட்டமே சொல்லுது. அது உங்க நாற்காலி. காலியா விடாதீங்க.

மூணு, மேல இருக்கிற அஞ்சு கேள்விக்கும் பள்ளி வாரியா பதில் கேட்டு கல்வித் துறைக்குத் தகவல் உரிமைச் சட்டத்துல மனு போடுங்க. 30 நாளுக்குள்ள பதில் வந்தாகணும்.

கல்வி அமைச்சருக்கு நம்ம சவால் இதுதான்: உழவர்கரை நகராட்சிக்குள்ள இருக்கிற ஒவ்வொரு அரசு நடுநிலைப் பள்ளியிலும் அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, காலியிடம் எத்தனைன்னு அந்தப் பள்ளி வாசல்லயே போர்டு வையுங்க. அப்புறம் பேசலாம், எல்லாப் பள்ளியும் ஒண்ணுதானான்னு.

பிள்ளைகளுக்கு மார்க் போட்டது போதும். இனி அரசுக்கு மார்க் போடுவோம்!

உங்க பள்ளி நிலவரத்தை கமெண்ட்ல எழுதுங்க. ஆசிரியர் பேர், பிள்ளைங்க பேர், போட்டோ வேண்டாம். ஏரியா குரூப்ல ஷேர் பண்ணுங்க.

#நம்ம_பள்ளி_நம்ம_கேள்வி
#ரெட்டியார்பாளையம்

- தகவல் தொழில்நுட்ப அணி, புதுச்சேரி