பிபி மாத்திரை அடியுரம் இல்லை, ஆத்துக்கரை

நம்ம பக்கம் சர்க்கரை உள்ள யாரையாவது நிறுத்தி, "சுகர் எவ்வளவு?"ன்னு கேளுங்க. வெறும் வயித்துல இவ்வளவு, சாப்பிட்டு இவ்வளவுன்னு பட்டுனு சொல்லுவாங்க. "பிபி எவ்வளவு?"ன்னு கேட்டா முழிப்பாங்க. சில பேர், "அது நார்மல் ஆயிடுச்சு, மாத்திரையை நிறுத்திட்டேன்"னு பெருமையா வேற சொல்லுவாங்க.

அந்தப் பெருமையைத்தான் நான் எதிர்க்கிறேன். மாத்திரை போட்டதாலதான் நார்மல் ஆச்சு. கொட்டுற மழையில, "நான்தான் நனையலையே"ன்னு குடையை மடக்குறவனை என்ன சொல்றது?

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. இங்கிலாந்துல சர்க்கரையோட பிபியும் இருந்த 1148 பேரை வச்சு ஒரு பெரிய ஆராய்ச்சி நடந்து, 1998ல் முடிவு வந்துச்சு. ஒரு கூட்டத்துக்கு பிபியைக் கறாரா குறைச்சாங்க, சராசரி 144/82. இன்னொரு கூட்டத்துக்கு 154/87. வித்தியாசம் மேல 10, கீழ 5, அவ்வளவுதான். எட்டு வருஷத்துக்கு மேல பார்த்ததில், கறாரா இருந்தவங்களுக்குப் பக்கவாதம் 44 சதவீதம் குறைவு. சர்க்கரை சம்பந்தப்பட்ட சாவு 32 சதவீதம் குறைவு. கண்ணு கெடுறதும் குறைஞ்சுது. கொடுத்ததும் கேப்டோபிரில், அட்டெனலால் மாதிரி பழைய மாத்திரைங்கதான்.

முக்கியமான சேதி அதுக்கு அப்புறம்தான். ஆராய்ச்சி முடிஞ்ச பிறகும் அவங்களைத் தொடர்ந்து பார்த்து 2008ல் எழுதினாங்க. கறாரு போச்சு, இரண்டே வருஷத்துல ரெண்டு கூட்டத்துக்கும் பிபி ஒண்ணாயிடுச்சு. முன்னாடி கிடைச்ச பலனும் நிக்கலை. ஆனா அதே ஆராய்ச்சியில் ஆரம்பத்துலேயே சர்க்கரையைக் கட்டுக்குள்ள வச்சவங்களுக்கு, பின்னாடி அந்த வித்தியாசம் மறைஞ்சும் பத்து வருஷம் வரைக்கும் பலன் இருந்துச்சு.

விவசாயிக்கு இது புரியாதா? தக்கைப்பூண்டு மடக்கி உழுதா அடுத்த போகத்துக்கும் கொஞ்சம் கைகொடுக்கும். சர்க்கரைக் கட்டுப்பாடு அந்த மாதிரி. பிபி கட்டுப்பாடு கொள்ளிடத்துக் கரை மாதிரி. இந்த வருஷம் கரை உடைஞ்சா, போன வருஷம் பலமா இருந்துச்சேன்னு வெள்ளம் திரும்பிப் போகுமா?

"ஒருதடவை ஆரம்பிச்சா விட முடியாதே"ங்கிறாங்க. மாத்திரை நம்மளைப் பிடிச்சுக்கலை, நோய் பிடிச்சிருக்கு. சோறும்தான் தினம் திங்கிறோம்.

"கிட்னி போயிடும்"னு செல்போன்ல ஒருத்தன் பேசுறான். கிட்னியைக் கெடுக்கிறதுல முதல் வரிசையில நிக்கிறதே சர்க்கரையும் பிபியும்தான். அந்த ஆளு, நடவு முடிஞ்ச கையோட மெடிக்கல்ல நாம வாங்கிப் போடுற வலி மாத்திரையைப் பத்தி வாயே திறக்கலை. அது பிபியையும் ஏத்தும், கிட்னியையும் கெடுக்கும்.

"எனக்கு ஒண்ணும் செய்யலையே"ங்கிறாங்க. செய்யாது. கரை அரிக்கிறது வெளிய தெரியாது, ஒருநாள் உடையும். எங்க தெருவுல அந்தப் பேச்சைக் கேட்டு மாத்திரையை விட்டவருக்கு இப்ப ஒரு பக்கம் கையும் காலும் வரலை. பேசுனவன் அடுத்த வீடியோவுக்குப் போயிட்டான். அவரு பொண்டாட்டி கூலிக்குப் போகுது.

நாட்டுல சர்க்கரை உள்ளவங்க 10.1 கோடி, பிபி உள்ளவங்க 31.5 கோடின்னு 2023ல் ஐசிஎம்ஆர் ஆய்வு சொல்லுச்சு. நம்ம மாநிலத்துல 2021 ஆகஸ்ட்டில் கிருஷ்ணகிரி சாமனப்பள்ளியில் தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் மூலமா மாத்திரை வாசலுக்கே வருது. அதனால காசில்லைன்னு சொல்ல முடியாது. வாங்கி மாடத்துல வச்சுட்டு, "மறந்துட்டேன்"னு சொல்றதுதான் நடக்குது.

மாத்திரை கொண்டு வர்றவங்ககிட்ட அட்டையை மட்டும் வாங்காதீங்க. கையில பட்டையைச் சுத்தி அளக்கச் சொல்லுங்க, நம்பரை நோட்டுல எழுதச் சொல்லுங்க. சிதம்பரமோ கடலூரோ, எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அந்த நோட்டைக் காட்டுங்க. தலை சுத்தல், வறட்டு இருமல், கால் வீக்கம் வந்தா டாக்டர்கிட்ட சொல்லுங்க, வேற மாத்திரை இருக்கு. நீங்களா நிறுத்தாதீங்க. கருவாடும் ஊறுகாயும் குறையட்டும்.

பம்புசெட்டுக்கு வோல்டேஜ் ஏறினா ஓடிப்போய் ஆஃப் பண்றோம். காயில் போனா கட்டிக்கலாம். மூளையில ஒரு நரம்பு வெடிச்சா எந்தக் கடையில கட்டுவீங்க?