விளக்கு எரிந்ததும் விலையா?

சென்ற பொங்கலுக்குக் குடும்பத்தோடு ஊருக்குப் புறப்பட்டோம். ஓசூர் தாண்டியதும் எங்கள் டீசல் எஸ்.யூ.வி. இழுவை குறைந்து திணறியது. என்ஜின் விளக்கும் எரிந்தது. பெங்களூருக்கே திரும்பி ஒர்க்‌ஷாப்பில் விட்டோம். கம்ப்யூட்டரில் ‘பி2463’ என்று வந்தது. புகைக்கரி வடிகட்டியை மாற்ற வேண்டும், ஒரு லட்சத்துக்கு மேல் ஆகும் என்றார்கள்.

அந்த எண், கரி அளவுக்கு மீறிச் சேர்ந்துவிட்டது என்று மட்டுமே சொல்லும். ஏன் சேர்ந்தது என்பதை மனிதர்தான் தேட வேண்டும். வேறொரு பட்டறையில் வயதான மெக்கானிக் ஒருவர் தேடினார். டர்போவிலிருந்து செல்லும் ரப்பர் குழாயில் வெடிப்பு! காற்று குறைந்தால் டீசல் சரியாக எரியாது, கரி மிகும். குழாயை மாற்றி, வடிகட்டியில் இருந்த கரியையும் எரித்துக் கொடுத்தார். வடிகட்டியை மட்டும் மாற்றியிருந்தால் புதியதும் அடைத்திருக்கும்.

2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ்.6 விதிப்படியான டீசல் கார்களில் இந்த வடிகட்டி இருக்கிறது. சீரான வேகத்தில் சிறிது நேரம் ஓடினால்தான் கரி தானாக எரியும். சில்க் போர்டு நெரிசலில் அதற்கு ஏது வழி? எனவே இந்த விளக்கு இங்கே பலருக்கும் எரியும். எஸ்டிமேட்டில் கோடு எண்ணோடு காரணத்தையும் எழுதித் தரச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பாகத்தையும் கேட்டுப் பாருங்கள்.