ஆளுக்கேற்ற வண்டி

தையற்காரன் ஆளை அளந்து துணியை வெட்டுகிறான். சட்டைக்காக ஆளை வெட்டுவதில்லை. செருப்புத் தைப்பவனும் காலளவு பார்த்த பிறகே தோலைத் தொடுகிறான். இயந்திரம் என்று வந்துவிட்டால் மட்டும் இந்த எளிய நியாயம் நமக்கு மறந்துவிடுகிறது. வண்டி தம் அளவுக்கு மிஞ்சியதாக இருந்தால், "நான் குள்ளம், எனக்கு இது ஆகாது" என்று நம்மவர் தம்மையே குறை கூறிக்கொண்டு திரும்பிவிடுகின்றனர். குறை ஆளிடத்தில் இல்லை, வண்டியிடத்திலேயே உள்ளது என்று காட்டுவதே இத்திங்கள் இப்பகுதியின் நோக்கம்.

புனேயில் வாழும் அம்மையார் ஒருவர் எழுதிய கடிதம் இதற்குத் தூண்டுகோலாயிற்று. நெடுநாள் சைக்கிளில் சென்று வந்த அவர், கழுத்துவலியும் மணிக்கட்டு வலியும் வந்தபின் அதனை விட்டுவிட்டார். ஜெர்மனியில் பணிபுரியும் மகன், சாய்ந்து அமர்ந்து ஓட்டும் 'ரிகம்பெண்ட்' சைக்கிளை வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறாராம். அம்மையாரின் உயரமோ ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு. "இவ்வளவு பணம் போட்டு வாங்கிய பின் கால் எட்டாமற்போனால் என்ன செய்வது?" என்று கேட்கிறார். வாங்கிய பின் வருந்துவோரே மிகுந்த இக்காலத்தில், வாங்குமுன் கேட்ட அவரைப் பாராட்ட வேண்டும்.

இவ்வண்டியைப் பாராதவர்க்கு ஒரு சொல்: சாய்வு நாற்காலியில் அமர்ந்து காலை முன்னே நீட்டி மிதிப்பதாக எண்ணிக் கொள்ளுங்கள். உடலின் பாரம் முதுகிலும் இடுப்பிலும் பரவலாகத் தங்குகிறது. கைகள் பாரம் தாங்குவதில்லை. கழுத்தை நிமிர்த்திப் பார்க்க வேண்டிய தேவையும் குறைவு. பிரான்சு நாட்டில் சார்ல் மோஷே என்பவர் தம் மகனுக்காகச் செய்த நான்கு சக்கர மிதிவண்டியிலிருந்து வளர்ந்த 'வெலோகார்' இவ்வகையில் புகழ் பெற்றது. 1933 ஜூலை 7-ஆம் நாள் இருசக்கர வெலோகாரில் ஏறிய பிரான்சிஸ் ஃபோர், ஒரு மணி நேரத்தில் 45 கிலோமீட்டருக்குச் சற்று மேல் ஓட்டி, 1914 முதல் நிலைத்திருந்த சாதனையை முறியடித்தார். மறு ஆண்டே சர்வதேச சைக்கிள் சம்மேளனம் பந்தயச் சைக்கிளுக்கு இலக்கணம் வகுத்து இவ்வண்டியை விலக்கி வைத்தது. 1970-களில் அமெரிக்காவில் பேராசிரியர் டேவிட் கார்டன் வில்சன் போன்றோர் முயற்சியால் இது மீண்டும் தழைத்தது.

இவ்வரலாற்றுக்கும் அம்மையாரின் கேள்விக்கும் தொடர்பு உண்டு. பந்தயத்தில் இடமிழந்த வண்டியைப் பெரிய ஆலைகள் நாடவில்லை. சிறு தொழிற்கூடங்களே பெரிதும் செய்து வந்தன. சிறிய அளவில் செய்வோர் பத்து அளவுச் சட்டங்கள் செய்வது கடினம். ஆகவே நடுத்தர உயரமுள்ளவரை மனத்திற்கொண்டு ஒரு சட்டம் செய்து, பெடலை முன்பின் நகர்த்த வழி வைத்துவிடுகின்றனர். "யாவர்க்கும் பொருந்தும்" என்று விளம்பரம் சொல்வது இதைத்தான். பெடல் எட்டிவிட்டால் வண்டி பொருந்திவிட்டதாகப் பொருள் அன்று.

முதலில் அளவு எடுக்கும் முறை. இங்கே தலை முதல் கால் வரையுள்ள உயரம் பெரிதும் பயன்படாது. செருப்போ ஷூவோ அணிந்து, சுவரில் முதுகும் இடுப்பும் ஒட்டத் தரையில் அமர்ந்து, காலை நேராக நீட்டுங்கள். சுவரிலிருந்து உள்ளங்கால் வரையுள்ள தூரமே நமக்கு வேண்டுவது. தயாரிப்பாளர் பலர் தம் வண்டிக்குரிய மிகக் குறைந்த அளவையும் மிக அதிகமான அளவையும் இம்முறையிலேயே குறிப்பிடுகின்றனர். உம்முடைய அளவு அவற்றின் நடுவே விழ வேண்டும். கீழெல்லையில் ஒட்டிக்கொண்டிருந்தால் நன்றன்று. தடித்த மெத்தை ஒன்று கூடினாலும் கணக்கு மாறிவிடும்.

அடுத்தது இருக்கையின் உயரம். உயிருக்கும் எலும்புக்கும் உரிய செய்தி இதுவே. சாதாரணச் சைக்கிளில் சிக்னலில் நின்றால் இருக்கையைவிட்டு முன்னே இறங்கி நிற்கலாம். சாய்வு வண்டியில் அமர்ந்தபடியே காலூன்ற வேண்டும். இரு பெரிய சக்கரங்கள் கொண்ட வகைகளில் இருக்கை 60 சென்டிமீட்டரை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். நம் வீட்டு உணவு மேசை நாற்காலி சுமார் 45 சென்டிமீட்டர். அதிலேயே பாதம் முழுதும் தரையில் படியாதவர்க்கு 60 எப்படி ஆகும்? அன்றியும் இருக்கை அகன்றது. அதன் முன்விளிம்பு தொடையைத் தடுக்கும். முதுகு எவ்வளவு சாய்கிறதோ அவ்வளவு கால் தரையைவிட்டு விலகும். நொடிக்கொரு முறை நிற்க வேண்டிய நம் நகரத் தெருக்களில் நுனிக்கால் ஊன்றி நிற்பது விழுவதற்கு நாள் குறிப்பதாகும். இரு பாதங்களும் உறுதியாகப் படியாத வண்டியை, அது எத்துணை அழகியதாயினும், மறுத்துவிடுக.

மூன்றாவது பெடலின் தூரமும் முன்சக்கரமும். பெடல் தாங்கும் முன்குழலை உள்ளே தள்ளினால் குட்டைக்காலுக்கும் எட்டும். ஆனால் பெடல் முன்சக்கரத்துக்கு முன்னே அமைந்த குறுவகை வண்டியில் அப்போது குதிகால் சக்கரத்தின் அருகே வந்துவிடும். வளைவில் திருப்பும்போது உரசும். ஆகவே முன்சக்கரம் 20 அங்குலமாக உள்ளதே சிறியோர்க்கு ஏற்றது. குழலை 5 சென்டிமீட்டர் உள்ளே தள்ளினால் செயினில் 10 சென்டிமீட்டர், அதாவது எட்டுக் கண்ணிகள், குறைக்க வேண்டும் என்பதையும் நினைவிற்கொள்க. செயினைக் குறைக்காமல் தளர விட்டால் அது தொங்கி நழுவும்.

பலரும் அறியாத எளிய பரிகாரம் ஒன்று உண்டு. அது கிராங்கின் நீளம். வழக்கமான கிராங்க் 170 மில்லிமீட்டர். 150 மில்லிமீட்டர் உடையதும் கிடைக்கிறது. அதைப் பூட்டினால் பெடலின் எட்டிய நிலை 2 சென்டிமீட்டர் நம்மை நெருங்கும். அண்மை நிலை 2 சென்டிமீட்டர் விலகும். ஆகவே கால் எட்டுவதும் எளிது; முழங்கால் மிகுதியாக மடங்குவதும் இல்லை; குதிகால் உரசலும் குறையும். சட்டத்தை மாற்றாமல் பெறும் நன்மைகளில் இதுவே தலையாயது. குதிகாலைப் பெடலில் வைத்தால் கால் ஏறக்குறைய நேராக வேண்டும். அப்போது முன்பாதத்தால் மிதிக்கையில் முழங்காலில் சிறு மடிப்பு எஞ்சும். மிகத் தொலைவாயின் இடுப்பு நழுவி ஆடும். மிக அண்மையாயின் முழங்கால் நோகும்.

வகைகளைப் பற்றிச் சில சொற்கள். பெடல் முன்சக்கரத்துக்குப் பின்னே அமைந்த நெடுவகை வண்டிகளில் பெடலும் இருக்கையும் தாழ்ந்திருப்பதால் காலூன்றுவது எளிது; ஆனால் நீளமும் எடையும் மிகுதி; மாடிக் குடியிருப்பில் தூக்கிச் செல்வது அரிது. சிறு சக்கரங்கள் கொண்ட குறுகிய நெடுவகை இரண்டுக்கும் நடுவானது. முதன்முதல் பழகுவோர்க்கு நல்லது. மூன்று சக்கர வண்டியிலோ காலூன்றும் கவலையே இல்லை, நின்றாலும் விழாது. அமெரிக்காவின் காட்ரைக் நிறுவனம் 'பாக்கெட்' என்னும் வகையைச் சிற்றுருவினர்க்கெனவே அமைத்தது. டெர்ராட்ரைக்கின் 'ரோவர்' வகையில் பெடலுக்கு மாறாக இருக்கையே நகர்கிறது. எனவே செயினைத் தொட வேண்டுவதில்லை. தாயும் மகளும் ஒன்றையே மாறி மாறி ஓட்டலாம். குறைகளும் உண்டு. அகலம் முக்கால் மீட்டருக்கு மேற்படும்; வாசற்படியை அளந்து பார்க்க வேண்டும். தாழ்ந்த இருக்கையிலிருந்து எழுவது முழங்கால் வலி உள்ளவர்க்குத் துன்பம். லாரி ஓட்டுநர் கண்ணில் படும்படி உயரமான கொடியும் விளக்கும் வேண்டும்.

எனவே அம்மையாருக்கு நாம் கூறுவது இது: மகன் ஆசையோடு அனுப்பும் பொருள் மூலையில் கிடந்தால் இருவர் மனமும் நோகும். ஆகையால் முதலில் சுவரருகே அமர்ந்து எடுத்த அளவையும், நாற்காலியில் பாதம் படியும் உயரத்தையும் எழுதி மகனுக்கு அனுப்புங்கள். அவர் அங்குள்ள கடையில் அவ்வளவுகளைக் காட்டி, வண்டியின் கீழெல்லையையும் இருக்கை உயரத்தையும் எழுத்தில் பெறட்டும். குறுகிய கிராங்க் பூட்டித் தருவார்களா என்றும் கேட்கட்டும். இயலுமானால் நீங்கள் அங்குச் செல்லும்போது நேரில் ஏறிப் பார்த்தே முடிவு செய்யுங்கள். கழுத்துவலியின் காரணத்தை மருத்துவரிடம் கேட்டுக்கொள்வதும் முறை. எல்லா வலிக்கும் வண்டி மருந்தாகாது. வண்டி வந்தபின் ஆளில்லாத திடலில் சில நாள் பழகுக. இதில் எழுந்து நின்று மிதிக்க இயலாது. முதுகை இருக்கையில் அழுத்தி வலிந்து மிதித்தால் முழங்கால் கெடும். சிறிய கியரில், இலகுவாக, விரைந்து சுழற்றுவதே முறை.

இவ்வளவும் செய்தபின் பொருந்தவில்லை என்றால், "இது எனக்கு ஆகாது" என்று தயங்காமல் சொல்லலாம். அப்போதும் அதில் ஒரு திருத்தம் செய்துகொள்ளுங்கள். "நான் இதற்கு ஆகேன்" என்று மட்டும் சொல்லாதீர்கள்.